கூடத்தில் நொச்சியாறு

“சுவிட்ச் எங்கயுமே இல்லீங்களா? அடியில, பின்னால, எங்கயாச்சும்?”

“இல்லீங்க மேடம்.”

“எந்த மெஷினுக்கும் ஒரு சுவிட்ச் இருக்கும் தம்பி. மிக்ஸிக்கு இருக்குது. ஏரோப்ளேனுக்கு இருக்குது.”

“இதுக்கும் இருந்துச்சுங்க. மொத மாடல்ல இருந்துச்சு. நீங்கதானுங்களே மேடையேறி வேண்டாம்னு பேசுனீங்க. எங்களுக்கு டிரெய்னிங்ல மொத நாளு அந்தப் பேச்சைத்தான் போட்டுக் காட்டுனாங்க.”

அபுதாகிர் இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. பாதி உடம்பு தொட்டிக்கு அடியில் கிடக்க, கையில் சின்ன விளக்கோடு, இருப்பதை இருக்கிறபடி சொன்னான். தொட்டி பழுது பார்க்கிற வேலைக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒரு வாரத்தை அவன் பார்த்ததில்லை. கோயம்புத்தூரில் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே புகார். அவனிடமும் எல்லா வீட்டுக்கும் ஒரே பதில்தான் இருந்தது.

வான்மதி நிமிர்ந்து தொட்டியைப் பார்த்தாள். கூடத்தின் மேற்குச் சுவரை முழுக்க அடைத்துக்கொண்டு நின்ற கண்ணாடிக்குள் ஐந்து மீன்கள், நீர்மட்டத்துக்கு ஒரு விரல் கீழே, தலையை மேலே தூக்கியபடி தொங்கிக்கொண்டிருந்தன. வாய் திறந்து மூடியது, திறந்து மூடியது. ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம். வெள்ளி உடம்பில் மூக்கு நுனியிலிருந்து வால்வரை ஒற்றைச் சிவப்புக் கோடு, யாரோ குங்குமத்தைத் தொட்டு விரலால் இழுத்துவிட்டதுபோல. செவ்வரியன் என்று பெயர். நொச்சியாற்றில் மட்டும் பிறக்கிற மீன். உலகத்தில் வேறெந்தத் தண்ணீருக்கும் அதைத் தெரியாது.

“பெரிய மாமனுக்குத்தான் ரொம்ப இழுக்குது” என்றான் சோபாவில் உட்கார்ந்திருந்த சிபி.

ஐந்து மீன்களுக்கும் தன் மனைவி வான்மதியின் தாய்மாமன்கள் பெயரை வைத்தவன் அவன். ஓயாமல் வாயசைக்கிற உயிருக்கு வேறெந்தப் பெயரும் பொருந்தாது என்பது அவன் கட்சி. பெரிய மாமன் என்பது உண்மையில் ஒரு பெண் மீன். இப்போது வயிறு நிறைய முட்டையோடு இருந்தது. வழக்கமாக அவன் இப்படிப் பேசினால் வான்மதி கையில் அகப்பட்டதை எடுத்து எறிவாள். இன்று எறியவில்லை. சிபியும் சிரிக்கவில்லை.

ஒரு காலத்தில், ஆற்று மீனைப் பிடித்து வீட்டுக் கண்ணாடிக்குள் வைப்பதைப் பாவம் என்று சொன்னவள்தான் வான்மதி. அழிந்துகொண்டிருக்கிற மீன் என்றால் இன்னும் பெரிய பாவம். கல்லூரியில் இயற்பியல் நடத்திவிட்டு வரும் வழியில் வண்ணமீன் கடை ஒன்று இருந்தது. அந்த இடம் வந்ததும் தெருவின் எதிர்ப்பக்கம் மாறி நடப்பாள். பிறகுதான் இணைநீர்த் தொட்டி வந்தது.

மீனைப் பிடித்த இடத்திலேயே ஆற்றுக்குள் ஒரு மூலக்கோலை நட்டுவிடுவார்கள். ஆளுயரத்துக்கு ஓர் உலோகத் தண்டு; ஓர் ஆற்றுக்கு ஒன்றே ஒன்று, எல்லா வீட்டுத் தொட்டிக்கும் அதுவே. தண்ணீரின் சூடு, ஓட்டம், வெளிச்சம், அதில் கரைந்திருக்கிற உப்பு, காற்று, வாசனை என்று ஒன்று விடாமல் உணர்ந்து, கணந்தோறும் அனுப்பிக்கொண்டே இருக்கும். வீட்டில் தொட்டிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் கலப்பான் அதை வாங்கி, தொட்டித் தண்ணீரை அச்சு மாறாமல் அந்தத் தண்ணீராக ஆக்கும். ஆற்றின் மேல் மேகம் கவிந்தால் தொட்டி இருளும். மலையில் மழை பெய்தால் கூடத்தில் புதுவெள்ளத்தின் மணம் எழும்பும். மீன் ஊரை விட்டு வரவில்லை, ஊர்தான் மீனோடு கிளம்பி வந்திருக்கிறது என்று விளம்பரத்தில் சொன்னார்கள். வான்மதி நம்பவில்லை. கருவிகளை எடுத்துக்கொண்டு போய் ஆற்றையும் தொட்டியையும் மாறி மாறி அளந்து பார்த்தாள். எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அன்று நம்பினாள். யாரையும் விட அதிகமாக நம்பினாள்.

ஊரின் பழக்கவழக்கமே மாறிப்போயிற்று. பெண் பார்க்கப் போன இடத்தில், “உங்க ஊட்டுல ஆறு இருக்குதுங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் காபியை எடுத்தார்கள். மலையில் யானைக் கூட்டம் ஆற்றைக் கடந்தால் ஊரில் எல்லாத் தொட்டியும் ஒரே நேரத்தில் கலங்கும், ஆட்கள் வாசலுக்கு வந்து, “உங்குளுதுமா?” என்று கேட்டுச் சிரித்துக்கொள்வார்கள். வீட்டில் வெள்ளம் வந்திருக்கிறது, இருந்து பார்க்க வேண்டும் என்று விடுப்பு கேட்டால் மேலாளர்கள் மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். பலருக்குத் தங்கள் தெருவில் மழை பெய்ததைவிட நொச்சியாற்றில் பெய்ததுதான் நினைவில் நின்றது.

பண்ணையில் பொரித்த குஞ்சுகளை அதன்பிறகு யாரும் சீந்தவில்லை. அவற்றுக்கென்று ஓர் ஆறு கிடையாதே, எதோடு இணைப்பது? ஆற்றில் பிடித்த மீன்தான் வேண்டும் என்றார்கள். முன்பு கூச்சத்தோடு, பாலித்தீன் பையைத் துணியால் மூடி வாங்கிப் போனவர்கள், இப்போது தலை நிமிர்ந்து வாங்கினார்கள்.

வான்மதிக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. முதல் மாடல் தொட்டிகளில் ஒரு சுவிட்ச் உண்டு. அதைத் தட்டினால் ஆற்றோடு தொடர்பு அறுந்து, பதிவாகியிருக்கிற ஏதோ ஒரு நல்ல நாள் திரும்பத் திரும்ப ஓடும். கோடையில் ஆறு கலங்கிக் கிடக்கும்போது, விருந்தாளிகள் வருகிறார்களே என்று பலரும் அதைத் தட்டினார்கள். தட்டியவர்கள் மறுபடி திறக்க மறந்தார்கள். ஒரே நாளுக்குள் அடைபட்ட மீன்கள் சரியாகத் தின்னாமல், இணை சேராமல், நிறம் வெளுத்துப்போயின. தொட்டி வைத்திருப்போர் சங்கத்தின் மாநாட்டில் வான்மதி மேடையேறினாள். “சுவிட்சுன்னு ஒண்ணு இருந்தா மனுசன் அமுக்குவான். அவன் நல்லவனா கெட்டவனாங்கறது பேச்சில்ல. இருந்தா அமுக்குவான். மீனுக்கு நாம குடுத்த வாக்குக்கு நடுவுல ஒரு பொத்தான் எதுக்குங்க?” என்றாள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அந்தக் கைதட்டல் நடந்து நடந்து பிறப்புநீர்ச் சட்டமாயிற்று. அதன்பிறகு வந்த கலப்பான்கள் எல்லாம் முத்திரையிட்டு மூடப்பட்டவை. ஆற்றுக்கும் தொட்டிக்கும் நடுவில் மனிதக் கை நுழைய வழியே இல்லை.

இப்போது நொச்சியாறு மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. பாறைகளில் பாசி வழும்பு படர்ந்து, படர்ந்தது செத்து, செத்தது அழுகி, அந்த அழுகல் தண்ணீரில் இருக்கிற காற்றைத் தின்றது. மூலக்கோல் அதையும் உள்ளபடி சொன்னது. கலப்பான் அதையும் உள்ளபடி கலந்தது.

“காத்து மோட்டார் போட்டுப் பார்த்தீங்களா மேடம்?” என்று கேட்டுக்கொண்டே அபுதாகிர் வெளியே வந்தான்.

“போட்டேன். நான் ஊதுறதை அது உறிஞ்சி வெளிய தள்ளுது.”

“அதுக்கு அதுதானுங்க வேலை. ஆத்துல இல்லாதது தொட்டியில இருக்கக் கூடாதே.”

“வேற தண்ணியில எடுத்து விட்டா என்ன?” என்றான் சிபி. “குடிக்கற தண்ணி, கெணத்துத் தண்ணி, ஏதோ ஒண்ணு.”

“போன வாரம் ஒரு வக்கீல் ஊட்டுல விட்டாங்க சார். நான் பக்கத்துலதான் நின்னேன். சித்த நேரந்தான், கவுந்துருச்சு. இத்தனை வருசமா நொச்சியாத்தையே குடிச்சு வளந்த ஒடம்புங்க. வேற எதுவும் அதுக்குத் தண்ணியாத் தெரியாது.”

“அப்ப ஆத்துலயே கொண்டுபோய்...” என்று ஆரம்பித்த சிபி, தானே நிறுத்திக்கொண்டான். அங்கே இருப்பதும் இதே தண்ணீர்தான்.

பெரிய மாமன் ஒருமுறை பக்கவாட்டில் சாய்ந்து, சிரமப்பட்டு நிமிர்ந்தது. வான்மதி தன் வாயைப் பொத்திக்கொண்டாள். இவ்வளவு நேரம் அந்த மீனோடு சேர்ந்து தன் வாயும் திறந்து மூடிக்கொண்டிருந்தது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“அபுதாகிர்.”

“சொல்லுங்க மேடம்.”

“தொட்டியை ஏமாத்த முடியாது. சரி. கோல் என்ன சொல்லுதோ அதைத் தொட்டி அப்படியே கேக்கும். சரிதான?”

“ஆமாங்க.”

“கோலை ஏமாத்தலாமா?”

அபுதாகிர் அவளையே பார்த்தான். பிறகு சிபியைப் பார்த்தான்.

“கோலைச் சுத்தி நாலு பக்கமும் கண்ணாடி வெச்சு அடைச்சுட்டு, அதுக்குள்ள காத்தை ஊதுனா, அது நொச்சியாறு நல்லா இருக்குன்னுதான சொல்லும்?”

“மேடம், இது எனக்குக் காதுல விழலைங்க.” அவன் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தான். “நான் முக்குல போய் ஒரு டீ குடிச்சுட்டு வர்றேன். என் வண்டிக் கதவு சரியா மூடாது. உள்ள கண்ணாடிப் பலகை நாலு, ரப்பர் பட்டை, வெயில்ல ஓடற காத்து மோட்டார் ஒண்ணு கெடக்குது. எவனாச்சும் தூக்கிட்டுப் போனா எனக்கு எப்புடித் தெரியும்?”

அவன் வாசல் தாண்டியதும் சிபி கேட்டான். “மதி, இது சுவிட்ச்சேதான?”

வான்மதி அதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய வண்டி தானாக மலையேறியது. ஓட்ட வேண்டிய வேலைகூட இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னிருக்கையில் கண்ணாடிப் பலகைகள் ஒன்றோடொன்று உரசி முனகின. கீழே ஊர் வெயிலில் வெளிறிக் கிடந்தது. அதன் ஒவ்வொரு கூரைக்கும் அடியில் இந்த மலையின் ஒரு துண்டு ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தாள். வழக்கமாக அந்த நினைப்பு இனிக்கும். ஒரு நதி இத்தனை கூடங்களில் ஒரே நேரத்தில் கனவு காண்கிறது என்று ஒருமுறை மாணவர்களிடம் சொல்லியிருக்கிறாள். நதிக்குக் கெட்ட கனவும் வரலாம் என்பது அன்றைக்குத் தோன்றவில்லை.

நடுவில் இரண்டு முறை சிபி அழைத்தான். முதல்முறை, “நாலு பேரு மேல இருக்காங்க. சின்ன மாமன் அடியில படுத்துட்டாரு” என்றான். அடுத்த முறை, “படுத்தவரு எந்திரிக்கலை மதி” என்றான். மாமன் என்று சொன்னாலும் குரலில் விளையாட்டு இல்லை.

மூலக்கோலுக்குக் காவலாகச் சங்கம் வைத்திருந்த ஆள் பெயர் சின்னராசு. முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். தகரக் கொட்டகையிலிருந்து இறங்கி வந்து, பின்னிருக்கையை எட்டிப் பார்த்தான்.

“கோலைத் தொடக் கூடாதுன்னு எனக்குச் சொல்லியிருக்காங்கக்கா.”

“தொட மாட்டேன். சுத்தித்தான் வைக்கப் போறேன். நான் சங்கத்துத் தலைவிதான்.”

“தெரியுங்க. கோல் நட்ட அன்னிக்கு வந்தீங்களே. அன்னிக்கு உங்குளுக்கு மீனு புடிச்சுக் குடுத்தது நாந்தான். அஞ்சும் சௌக்கியமா?”

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான், கட்டிக்கொடுத்த பெண்ணைப் பற்றி விசாரிக்கிற மாதிரி. வான்மதி, “நாலு” என்றாள். அவன் மேற்கொண்டு கேட்காமல் இரண்டு பலகைகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர் இருந்தது. முதல் அடியிலேயே வான்மதிக்குக் கால் வழுக்கியது. பாறையைப் பற்றினாள், பற்றிய இடத்திலிருந்து கொழகொழவென்று பச்சையாக ஒரு பிடி கையோடு வந்தது. முட்டை அழுகிய நாற்றம். இதே இடத்தில், கோல் நட்ட அன்று, வெறுங்காலோடு ஓடியாடியிருக்கிறாள். பாறைகள் கழுவித் துடைத்து வைத்ததுபோல் இருந்தன அன்று. செவ்வரியன்கள் கூட்டம் கூட்டமாகக் கல்லில் வாயை வைத்து, வழும்பைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தன. தண்ணீருக்கு அடியில் காதை வைத்தால் அந்தச் சுரண்டல் சத்தம்கூடக் கேட்டது.

அந்த வாய்கள் எல்லாம் இப்போது எங்கே இருக்கின்றன என்று யோசிக்க அவளுக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. ஆற்றைத் துடைத்துக்கொண்டிருந்தவர்களை ஆற்றோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோயாயிற்று. சங்கத்தின் கூட்டங்களில் தண்ணீரைப் பற்றி எத்தனையோ பேசியிருக்கிறார்கள். மீன் வெளியே போன பிறகு தண்ணீர் என்ன செய்யும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. மீனுக்கு ஆறு வேண்டும் என்பது மட்டும்தான் அவர்களுடைய நியாயம். ஆற்றுக்கும் ஏதாவது வேண்டியிருக்கும் என்று தோன்றவே இல்லை.

“பார்த்து வாங்கக்கா. இந்தக் கல்லுல நானே நேத்து விழுந்து எந்திரிச்சேன்.”

“மிச்சம் ஏதாச்சும் இருக்குதா சின்னராசு? மீனு?”

“கண்ணுல படறதில்லீங்க. பாறை இடுக்குல அங்கொண்ணு இங்கொண்ணு இருந்தா உண்டு.”

கோலைச் சுற்றி நான்கு பலகைகளையும் மணலில் அழுத்தி நட்டார்கள். மூலைகளை ரப்பர் பட்டையால் இறுக்கினார்கள். ஒரு பக்கப் பலகை மட்டும் மேலே தூக்கி இறக்குகிற மாதிரி இருந்தது. அது அபுதாகிர் தொட்டிகளைக் கழுவும்போது பயன்படுத்துகிற பலகை. மோட்டாரை வைக்க மேடு கிடைக்கவில்லை. சின்னராசு வெயில்தகட்டோடு அதைத் தலைக்கு மேல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

“சாமி தூக்கற மாதிரி இருக்குதுங்க” என்றான். “சித்த நேரம்னா புடிக்கலாம். அப்பறம் ஒரு கட்டை கொண்டாந்து நடலாம்.”

குழாயின் நுனியிலிருந்து குமிழிகள் கிளம்பின. கண்ணாடிக்குள் தண்ணீர் மெல்லத் தெளிந்தது. ஓர் ஆறு முழுக்க நாறிக்கொண்டிருக்க, நடுவில் ஒரு பெட்டி அளவுக்கு மட்டும் அது பழைய ஆறாக ஆனது. வான்மதி சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். வீட்டில் இருப்பதைப் போலவே இருந்தது. வீட்டில் இருப்பது ஆறாக இருக்க வேண்டும் என்பதற்காக, ஆற்றுக்குள் ஒரு தொட்டியைக் கட்டியிருக்கிறார்கள். சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. வரவில்லை.

கைப்பேசி அலறியது. சட்டைப் பையில் நனையாமல் இருக்கட்டும் என்று வெளியே எடுக்காமலே ஒலிபெருக்கியைப் போட்டாள்.

“மதி! கீழ எறங்கறாங்க! நாலு பேரும்! என்ன பண்ணுன நீ?”

“நெசமாவா சிபி? நல்லாப் பாருங்க.”

“பார்த்துட்டுத்தான் சொல்றேன். தண்ணி கண்ணாடியாட்டம் ஆயிருச்சு. பக்கத்து வீட்டுலயும் அப்படித்தானாம். ரெட்டியார் ஊட்டுல பட்டாசு வெடிக்கறாங்க. அபுதாகிருக்குப் போன் மேல போன் வருது, அவன் தனக்கு ஒண்ணுமே தெரியாதுங்கறான்.”

வான்மதிக்கு அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. சின்னராசு மோட்டாருக்கு அடியிலிருந்து பல்லைக் காட்டினான்.

சிரிப்பு அடங்குவதற்குள் சிபியின் குரல் மாறியது. “இரு, இரு. என்னமோ ஆச்சு. நாலு பேரும் மூலைக்கு ஓடறாங்க. கல்லுக்கடியில மண்டையை இடிச்சுக்கறாங்க மதி! நிறுத்து, எதுவா இருந்தாலும் நிறுத்து!”

அவள் குனிந்து பார்த்தாள். பலகைகளை நடும்போதே உள்ளே மாட்டிக்கொண்டதோ என்னவோ, கண்ணாடிக்குள் ஒரு செவ்வரியன் இருந்தது. விரல் நீளம்தான். வெளியேற வழி தேடிக் கண்ணாடியில் மோதிக்கொண்டிருந்தது. மூக்கில் தோல் உரிந்திருந்தது. இந்த வகை மீனுக்குத் தோலில் காயம் பட்டால் அச்சமணம் என்று ஒன்று தண்ணீரில் கசியும். மனித மூக்குக்குத் தெரியாது. மற்ற மீன்களுக்கு அதைவிடப் பெரிய கூச்சல் கிடையாது. கோல் அந்தக் கூச்சலை அப்படியே வாங்கி, ஊரில் உள்ள எல்லாக் கூடத்துக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது.

வான்மதி பலகையைத் தூக்கி, கையை விட்டு, அதைப் பிடித்து வெளியே விட்டாள். உள்ளங்கையில் ஒரு கணம் அது துடித்தது, ஒரு நரம்பு தனியாகத் துடிக்கிற மாதிரி. பலகையை இறக்கி, “உள்ள ஒரு மீனு மாட்டியிருந்துச்சு” என்று சட்டைப் பையைப் பார்த்துச் சொன்னாள். குமிழிகள் மணத்தைக் கழுவித் தள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“அடங்கிட்டாங்க” என்றான் சிபி. “அப்பாடி. மறுபடி அந்தப் பக்கம் எதையும் உள்ள விடாத. பெரிய மாமன் இன்னொரு தடவை தாங்காது.”

வெளியே விட்ட மீன் எங்கும் போகவில்லை. கண்ணாடியின் வெளிப்புறமாகத் திரும்பி வந்து, குமிழிகளைப் பார்த்தபடி நின்றது. வாய் திறந்து மூடியது. சற்று நேரத்தில் அதன் பக்கத்தில் இன்னொன்று வந்து நின்றது. பிறகு ஒரு பெரியது. பாறை இடுக்குகளிலிருந்து, வேர்களுக்கு அடியிலிருந்து, இல்லையென்று எல்லோரும் நினைத்திருந்த இடங்களிலிருந்து, ஒவ்வொன்றாக வந்தன. கண்ணாடியின் நான்கு பக்கமும் சிவப்புக் கோடுகள் நெருக்கியடித்து நின்றன. நொச்சியாற்றில் மிச்சமிருந்த செவ்வரியன்கள் இவைதானாக இருக்கும். எல்லாமே மூக்கைக் கண்ணாடியில் வைத்து உள்ளே பார்த்தன. உள்ளே யாரும் இல்லை. ஒரு கோலும் நல்ல தண்ணீரும் மட்டும் இருந்தன.

“இத்தனை இருந்துச்சுங்களா!” என்றான் சின்னராசு. அவன் எட்டிப் பார்த்ததில் மோட்டார் லேசாக ஆடியது. “நாங்கூடக் காலியாயிருச்சுன்னு நெனச்சேன். அக்கா, உள்ள போகத்தான் பாக்குதுங்க இதுங்க.”

“தெரியுது.”

“ஒண்ணு சாஞ்சுருச்சு பாருங்க அங்க.”

பார்த்தாள். அவள் கையில் துடித்த அந்தச் சின்ன மீன்தான். சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது.

அவளுக்குக் கணக்குப் போடத் தெரியும். இந்த மோட்டார் ஊதுகிற காற்று இந்தப் பெட்டித் தண்ணீருக்கு மட்டும்தான் போதும். இவ்வளவு மீன்கள் உள்ளே வந்தால் அந்தக் காற்று எல்லோருக்குமாகப் பிய்ந்துபோகும். நெருக்கத்தில் ஒன்றையொன்று உரசும், கண்ணாடியில் மோதும், தோல் உரியும். அந்த அலறல் முழுவதும் ஊருக்குப் போகும். கீழே ஒவ்வொரு வீட்டிலும் மீன்கள் கல்லில் மண்டையை மோதிக்கொள்ளும். உள்ளே விடாவிட்டால் இவை சாயங்காலத்தைப் பார்க்காது. இன்னொரு மோட்டார் கொண்டுவரக் கீழே போய்த் திரும்ப வேண்டும். அதற்குள் வெயிலும் இறங்கிவிடும். பெட்டியைக் கழற்றி எடுத்துவிட்டால் இங்கேயும் அங்கேயும் ஒன்றும் மிஞ்சாது. எந்தப் பக்கம் போனாலும் அவள் கைதான் முன்னால் நின்றது. மனிதக் கை நுழையக் கூடாது என்று மேடையில் பேசிய அதே கை, ஈரமாக, தூக்கி இறக்குகிற பலகையின் விளிம்பில் இருந்தது.

“மதி!” சட்டைப் பையிலிருந்து சிபி கத்தினான். “மதி, கேக்குதா? பெரிய மாமன் முட்டை போடுது! அந்தத் தட்டைக் கல்லு மேல, பொட்டுப் பொட்டா, தங்கமாட்டம்! நீ சொன்னியே, தொட்டியில ஆறு உண்மையா இருந்தா முட்டை போடும்னு. போட்டுருச்சு! நீ சொன்னது சரி மதி! சரியாப் போச்சு!”

அவன் அழுதுகொண்டே சிரிப்பது கேட்டது. பின்னணியில் யார் வீட்டிலோ மறுபடி பட்டாசு வெடித்தது.

வான்மதி பேச வாயைத் திறந்தாள். மூடினாள். கண்ணாடிக்கு வெளியே இருந்த அத்தனை வாய்களும் அதையே செய்துகொண்டிருந்தன.

“ஐயா நல்ல சேதிதான் சொல்றாரு. சந்தோசங்க” என்றான் சின்னராசு. தூக்கிய கைகளை இறக்க முடியாமல், வியர்வை கண்ணுக்குள் வழிய, அவன் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தான். “எனக்குக் கை ஒழியலீங்க, இல்லாட்டி நானே செஞ்சிருவேன். அந்தப் பலகையை ஒரு சாண் தூக்குங்கக்கா. ஒரு சாண் போதும்.”